சைக்கிளின் பின்பக்க ஷாக்: வீட்டிலேயே கழற்றலாம், ஆனால் முதலில் காற்றை விடுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு முற்றம். சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பதினாறு வயதுப் பையன் கையில் ஆலன் கீயோடு உட்கார்ந்திருக்கிறான். திண்ணையில் தாத்தா.

"என்னல செய்யப் போற?"

"பின் ஷாக்குல மண்ணு கரகரங்குது தாத்தா. கழத்தித் துடைக்கப் போறேன்."

"அதுக்குள்ள காத்து இருக்கா?"

"இருக்கு தாத்தா."

"அப்போ மொதல்ல காத்தைத் தொறந்து விடுல. பெறகு கையை வையி!"

தாத்தா ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். இந்த மாதிரி ஷாக்கை அவர் கழற்றியதே இல்லை. ஆனாலும் அவர் சொன்ன வார்த்தை தங்கமான வார்த்தை. அதைக் கேட்காமல் கழற்றினால் விரல் போகலாம். கண்ணும் போகலாம். கேட்டுக் கழற்றினால், இது வீட்டு முற்றத்திலேயே முடிகிற வேலை.

மலை சைக்கிள் பிறந்த கதை

மலைப் பாதையில் ஓட்டுகிற சைக்கிள் அமெரிக்காவில் பிறந்தது. கலிபோர்னியா மாகாணத்தில் டமால்பைஸ் என்று ஒரு மலை. 1970-களில் அங்குள்ள இளைஞர்கள் பழைய, தடித்த டயர் சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டு போவார்கள். பிறகு மண் பாதையில் கீழே பறந்து வருவார்கள்.

அந்தச் சைக்கிள்களின் பிரேக், பின் சக்கர அச்சுக்குள் இருந்தது. இறங்கி வருவதற்குள் பிரேக் கொதித்துவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்து புகையாகப் போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அச்சைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். 1976-ல் அங்கே ஒரு பந்தயம் தொடங்கினார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "ரீபேக்"! "மறுபடி கிரீஸ் அடை" என்று அர்த்தம்.

பழுது பார்க்கும் வேலையின் பெயரையே பந்தயத்துக்கு வைத்தார்கள். ஆகவே மலை சைக்கிள் வைத்திருப்பவன் கையில் கிரீஸ் படுவது புதிய விஷயம் அல்ல. அன்றைக்கே அப்படித்தான்.

ஷாக் வந்தது பிறகுதான். 1989-ல் "ராக் ஷாக்ஸ்" என்ற கம்பெனி அமெரிக்காவில் தொடங்கியது. சைக்கிளின் முன் போர்க்கில் காற்றும் எண்ணெயும் வைத்து ஷாக் செய்து விற்றது. பின் சக்கரத்துக்கும் ஷாக் பரவியது. இன்று திருநெல்வேலித் தெருக்களிலும் இரண்டு பக்கமும் ஷாக் வைத்த சைக்கிள்களைப் பார்க்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பயப்பட வேண்டாம். உள்ளே இரண்டே வேலைகள்தான் நடக்கின்றன.

ஒன்று, தாங்குவது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் உள்ளே போகும். விட்டால் திரும்பி வரும். அடைபட்ட காற்றே ஸ்பிரிங் ஆகிவிட்டது. காற்று ஷாக்கில் நடப்பதும் இதுவே.

சைக்கிளுக்கும் காற்றுக்கும் உள்ள உறவு பழையது. 1888-ல் காற்று டயருக்கு உரிமைப் பத்திரம் வாங்கியவர் டன்லப். அவர் அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர். தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்றுதான் அவர் காற்று டயர் செய்து பார்த்தார்.

இரண்டாவது வேலை, துள்ளலை அடக்குவது. வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஒரு பள்ளத்துக்குப் பத்துத் தடவை துள்ளும். அதை அடக்குவது எண்ணெய். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி மெல்ல அமுக்குங்கள், எளிதாகப் போகும். வேகமாக அமுக்குங்கள், கை வலிக்கும். சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் அவ்வளவு வேகமாகப் போக மறுக்கிறது. ஷாக்கின் எண்ணெய் அறையிலும் இப்படியே எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியாகப் போய்வருகிறது.

காற்று அறை ஒன்று, எண்ணெய் அறை ஒன்று. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று அறையை வீட்டில் திறக்கலாம். எண்ணெய் அறையை வீட்டில் திறக்கக் கூடாது. பல ஷாக்குகளில் எண்ணெய் அறைக்குப் பின்னால் நைட்ரஜன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். அதைத் திறக்கவும், மறுபடி அடைக்கவும் தனிக் கருவிகள் வேண்டும். அது பட்டறை வேலை.

உங்கள் சைக்கிளில் எந்த வகை?

ஷாக்கில் டயர் வால்வு போல ஒரு வால்வும் மூடியும் இருக்கிறதா? அது காற்று ஷாக். வெளியே கம்பிச் சுருள் தெரிகிறதா? அது ஸ்பிரிங் ஷாக்.

விலை குறைந்த சைக்கிள்களில் ஸ்பிரிங் ஷாக்தான் அதிகம். பலவற்றில் எண்ணெய் அறையே இருக்காது. அதற்கு வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மண்ணைத் துடையுங்கள். இரண்டு முனையிலும் உள்ள போல்ட் தளர்ந்திருந்தால் முடுக்குங்கள். அந்த முனைகளில் இருக்கும் புஷ் தேய்ந்து ஆடினால் புதிது போடுங்கள். துருப்பிடித்து வளைந்துவிட்டால் ஷாக்கையே மாற்றிவிடுங்கள்.

இனிச் சொல்வது காற்று ஷாக்கைப் பற்றி.

நம் ஊர் மண் செய்யும் வேலை

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் எத்தனை விதமான மண்! மானூர்ப் பக்கம் கரிசல். இட்டமொழிப் பக்கம் தேரி என்னும் செம்மணல், மாவு போல இருக்கும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கம் வயல் சேறு. வாய்க்கால் கரையிலும் குளத்தங்கரையிலும் சைக்கிள் ஓட்டினால் இவை எல்லாம் ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒட்டிக்கொள்ளும்.

தண்டு உள்ளே போய் வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதற்கு சீல் என்று பெயர். காற்று வெளியே போகாமலும் மண் உள்ளே வராமலும் காப்பது அது. நம் ஆற்றில் 8 பழைய அணைக்கட்டுகள் உண்டு. அவற்றிலிருந்து வாய்க்கால் பிரிந்து வயலுக்கு வருகிறது. மடைப் பலகை சரியாகப் படியாவிட்டால் என்ன ஆகும் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். சீலும் ஒரு மடைப் பலகை.

மணல் சேர்ந்தால் சீல் தேயும். தேய்ந்தால் காற்று கசியும். அதோடு நிற்காது. சீலில் சிக்கிய மணல், தண்டில் கோடு போட்டுவிடும். கோடு விழுந்த பிறகு புதுச் சீல் போட்டும் பயன் இல்லை. தண்டையே மாற்ற வேண்டும். சில ஷாக்குகளில் முழு ஷாக்கையே மாற்ற வேண்டிவரும். சின்ன வளையத்தைக் கவனிக்காததற்குப் பெரிய அபராதம்!

எப்போது செய்ய வேண்டும்?

காற்று அறையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்கிறார்கள் பல தயாரிப்பாளர்கள். சிலர் இன்னும் அதிக மணி நேரம் கொடுக்கிறார்கள். உங்கள் ஷாக்கோடு வந்த குறிப்புப் புத்தகத்தைப் பாருங்கள்.

ஞாயிறுதோறும் 2 மணி நேரம் ஓட்டினால் 50 மணி நேரம் ஆக 25 வாரம். ஏறக்குறைய ஆறு மாதம். நம் வயல்களில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். காருக்கு ஒரு தடவை, பிசானத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

சைக்கிள் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் மணிக் கணக்குப் பார்க்கக் கூடாது. 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு பெருகியதை நெல்லை மக்கள் மறக்க மாட்டார்கள். அப்படி வண்டலில் கிடந்த வண்டியின் ஷாக்கை உடனே கழற்றிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் வண்டல் உள்ளே அரைக்கத் தொடங்கிவிடும்.

என்னென்ன தேவை?

உங்கள் ஷாக்கின் மாடலுக்கு உரிய சீல் செட். அளவு ஒரு மயிரிழை மாறினாலும் காற்று நிற்காது. மாடல் பெயர் ஷாக்கின் மேலேயே எழுதியிருக்கும்.

ஷாக் பம்ப். இது கையடக்கமான பம்ப். அழுத்தம் காட்டும் முள் இருக்கும். டயருக்கு அடிக்கும் பம்ப் இதற்கு ஆகாது. பெட்ரோல் பங்க் காற்றும் ஆகாது.

ஆலன் கீ செட், வால்வு ஊசியைத் திருகும் கருவி, பஞ்சு விடாத சுத்தமான துணி, மரப் பல்குச்சி, ஷாக்குக்கு உரிய கிரீஸ், குறிப்புப் புத்தகம் சொல்லும் எண்ணெய், துடைப்பதற்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால். கண்ணுக்குக் கண்ணாடி. இதை மறக்காதீர்கள்.

வேண்டாதவை: மண்ணெண்ணெய், பெட்ரோல். இவை ரப்பரை ஊத வைத்துவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அது பிசுக்குப் பிடித்து மண்ணை அழைக்கும்.

கீழே விரிக்கப் பழைய வெள்ளை வேட்டி போதும். சின்ன வளையம் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அம்மாவின் பத்தமடைப் பாயை எடுத்து விரித்தால், பிறகு நடப்பதற்குச் சைக்கிள் பொறுப்பல்ல!

எவ்வளவு பலம்?

மோட்டார் கார் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 முதல் 35 பவுண்டு அழுத்தம் இருக்கும். ஷாக்கில் 200 பவுண்டு இருப்பது சாதாரணம். சிலவற்றில் 300 வரை போகும்.

ஒன்றரை அங்குலக் குறுக்களவுள்ள குழாயில் 200 பவுண்டு அழுத்தம் இருந்தால், அதன் மூடியை வெளியே தள்ளும் பலம் சுமார் 350 பவுண்டு. அதாவது 160 கிலோ. இரண்டு மூட்டை நெல்லின் எடை! காற்றை விடாமல் உறையைத் திருகினால், மரையின் கடைசிச் சுற்றில் அது துப்பாக்கிக் குண்டு போலக் கிளம்பும். தாத்தா எச்சரித்தது இதைத்தான்.

வேலையைத் தொடங்குவோம்

முதலில் சைக்கிளைக் கழுவித் துடையுங்கள். பம்பை மாட்டி எத்தனை பவுண்டு இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஷாக்கில் உள்ள திருகுகள் எந்த எண்ணில் நிற்கின்றன என்றும் எழுதுங்கள். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள்.

இப்போது காற்று. ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். வால்வின் மேல் துணியைப் போட்டு ஊசியை மெல்ல அமுக்குங்கள். எண்ணெய்த் துளி தெறிக்கும், முகத்தை விலக்குங்கள். சைக்கிள் மெல்ல உட்காரும். சீட்டை மேலும் கீழும் சில தடவை ஆட்டுங்கள். மறுபடி ஊசியை அமுக்குங்கள். சத்தம் வராத வரை இப்படிச் செய்யுங்கள். பிறகு வால்வு ஊசியையே கழற்றி எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். இது முக்கியமான இடம்.

காற்று அறைக்குள் இன்னொரு சின்ன அறையும் உண்டு. அது எதிர்ப்பக்கம் தள்ளும் அறை. நடுவில் உள்ள சீல் கெட்டுவிட்டால் பெரிய அறையின் காற்று சின்ன அறைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அப்போது வால்வைத் திறந்தாலும் அந்தக் காற்று வெளியே வராது. ஷாக் குறுகி, இழுத்தாலும் நீளாமல் அப்படியே நின்றுவிடும். காற்று முழுதும் போய்விட்டது என்று தோன்றும். உண்மையில் போகவில்லை! இப்படிப்பட்ட ஷாக்கை வீட்டில் திறக்கவே கூடாது. நேரே பட்டறைக்குக் கொண்டு போங்கள். மாட்டிய காற்று உள்ளே இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லியே கொடுங்கள்.

ஷாக் சுலபமாக நீள்கிறதா? அப்படியானால் மேலே போகலாம்.

இரண்டு முனையிலும் உள்ள போல்ட்டைக் கழற்றி ஷாக்கை வெளியே எடுங்கள். தண்டு வருகிற பக்கத்துக் கண்ணில் ஒரு துணியைக் கோத்துவிடுங்கள். எங்காவது காற்று மிச்சம் இருந்தாலும் உறை பறந்து போகாமல் துணி தடுக்கும். உறையைக் கையால் இடப்பக்கமாகத் திருகுங்கள். வரவில்லை என்றால் ரப்பர் பட்டை சுற்றித் திருகுங்கள். பைப் ரெஞ்ச் போட்டு நசுக்க வேண்டாம். முகம் ஒருபோதும் ஷாக்குக்கு நேரே இருக்கக் கூடாது. சில மாடல்களில் மரைக்குப் பதில் கம்பி வளையம் இருக்கும். அதற்குக் குறிப்புப் புத்தகம் வழி சொல்லும்.

உறை கழன்றதும் கறுப்பு எண்ணெயும் மண்ணும் தெரியும். ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பழைய சீல்களை மரப் பல்குச்சியால் நெம்பி எடுங்கள். ஊக்கு, ஊசி கூடாது. அவை உலோகத்தில் கீறல் போடும். எடுக்கும் வரிசையிலேயே வேட்டியில் அடுக்குங்கள். பக்கத்தில் புது வளையத்தை வைத்து, கனமும் அகலமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நகத்தால் வருடுங்கள். நகம் தட்டுகிற கீறல் இருக்கிறதா? தண்டின் ஓரம் எண்ணெய் நுரைத்து வருகிறதா? இருந்தால் எண்ணெய் அறையில் கோளாறு. அங்கேயே நிறுத்திப் பட்டறையில் காட்டுங்கள்.

எல்லாம் நன்றாக இருந்தால் புதுச் சீல்களில் கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். முறுக்கிக்கொள்ளக் கூடாது. குறிப்பில் சொன்ன அளவு எண்ணெயை விடுங்கள். கூட விட்டால் காற்றுக்கு இடம் குறையும். உறையை நேராக வைத்துக் கையால் திருகி மூடுங்கள்.

மறுபடி காற்று

வால்வு ஊசியைப் போட்டு ஷாக்கைச் சைக்கிளில் மாட்டுங்கள். போல்ட்டைக் குறிப்பில் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்குங்கள். முன்பிருந்த காற்றை ஒரேயடியாக அடிக்கக் கூடாது. 50 பவுண்டு அடியுங்கள், சீட்டைப் பத்துத் தடவை அமுக்கி விடுங்கள். பிறகு இன்னும் 50 பவுண்டு, மறுபடி பத்துத் தடவை. அப்போதுதான் இரண்டு அறைகளிலும் காற்று சமமாகும்.

முன்பு எழுதி வைத்த அளவு வந்ததும், சோப்பு நுரையை சீலிலும் வால்விலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. வராவிட்டால் வேலை வெற்றி!

கடைசியாக ஒரு கணக்கு. தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதைச் சீலோடு சேரத் தள்ளிவிட்டு, குதிக்காமல் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, மெல்ல இறங்குங்கள். வளையம் எவ்வளவு நகர்ந்தது? தண்டின் மொத்த ஓட்டத்தில் நூற்றுக்கு 25 முதல் 30 வரை நகர்ந்திருக்க வேண்டும். தண்டு 50 மில்லி மீட்டர் ஓடும் என்றால் 15 மில்லி மீட்டர் சரி. அதிகம் நகர்ந்தால் காற்று போதாது. குறைவாக நகர்ந்தால் காற்று அதிகம்.

ஆற்றுக்கு வேண்டாம்

துடைத்த துணியையும் கறுப்பு எண்ணெயையும் என்ன செய்வது? படித்துறையில் கழுவாதீர்கள். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது தாமிரபரணித் தண்ணீர். ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வைத்து, மெக்கானிக் கடையில் பழைய எண்ணெய் சேர்க்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

புது ஷாக் இருக்கிறதே என்று காட்டுக்குள் நுழைந்துவிடவும் கூடாது. மணிமுத்தாறுக்கு மேலே உள்ள மலை, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஓட்டுவதற்கு ஊர்ப் பக்கத்து மண் பாதைகளே நிறைய உண்டு.

பாளையங்கோட்டை முற்றத்தில் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. பையன் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினான். கரகரப்புச் சத்தம் போன இடம் தெரியவில்லை. தாத்தா எழுந்து சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்தார். அன்றைய தாளில் "ஷாக் துடைத்தது" என்று எழுதினார். ஆறு மாதம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தேடிப் பிடித்து, அதிலும் எழுதினார்:

"முதலில் காற்றை விடு."